அகர வரிசையில் சம்பந்தி

ஏப்ரல் 3, வியாழன்

இந்த நோட்டில் வரப்போவது என்ன என்பதை முதலிலேயே வகுத்துக்கொள்கிறேன்.

1. இருபது வருடமாக வைத்திருக்கும் இலவச மின்னஞ்சல் முகவரியை விடுவதற்கான காரணம்.
2. கோமதிநாயகம் என்ற என் பெயரிலேயே சொந்த முகவரி வாங்கி நிறுவும் விதம்.
3. அனைவருக்கும் அறிவித்தல். ஒரே மடல், அகர வரிசை. யாருக்கும் முன்னுரிமை கிடையாது. ஆகவே யாருக்கும் மனக்குறை வராது.
4. அறிவித்தபின் பழைய பெட்டியைத் திறப்பதில்லை. காலி செய்த வீட்டு வாசலில் போய் நிற்பது நல்ல பழக்கமில்லை.
5. புதிய முகவரி என் ஒருவனுக்கானது. அதற்காக நான் யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம். எனக்கும் யாரும் பதில் சொல்ல வேண்டாம்.

என் மனைவி பிரமநாயகியிடம் படித்துக் காட்டினேன்.

"மாத்துதேன்னு ஒரு வரி எழுதினாப் போதாதா? இதுக்கு எதுக்கு அஞ்சு பாயிண்டு?" என்றாள் பிரமு.

பல்கலைக்கழகத்தில் துணைத் தேர்வு அலுவலராக இருந்தவன் நான். வினாத்தாள் கட்டுகளை மூன்று முறை எண்ணாமல் வண்டியில் ஏற்றியதில்லை. நான்காவது முறையும் எண்ண வேண்டுமோ என்று யோசித்துக்கொண்டே ஓய்வு பெற்றேன்.

ஏப்ரல் 5, சனி

காரணம். போன மாதம் ஒரு காலையில் பழைய கம்பெனி என் பெட்டியைப் பூட்டிவிட்டது. நீங்கள் நீங்கள்தான் என்று நிரூபியுங்கள் என்றது. நிரூபிக்க ஓர் எண் அனுப்புவதாகச் சொல்லி, நாங்கள் எப்போதோ ஒப்படைத்துவிட்ட தரைவழி போனுக்கு அனுப்பியது. பெட்டி பூட்டியிருந்த நாட்களில் நான் நானில்லையோ என்று எனக்கே லேசாகச் சந்தேகம் வந்தது. பிறகு தானாகவே திறந்துகொண்டது. அதுதான் அதிக பயமாக இருந்தது. காரணம் சொல்லாமல் திறப்பவர்கள் காரணம் சொல்லாமல் மறுபடியும் பூட்டுவார்கள்.

ஏப்ரல் 6, ஞாயிறு

பெங்களூரிலிருந்து மகள் லோசனி பேசினாள். பேத்தி ஆதிரைக்கு வைகாசிக்குள் காது குத்தியாக வேண்டும். ஆனியில் அவளுக்கு மூன்று முடிந்து நாலு தொடங்குகிறது. இரட்டைப்படை வயதில் குத்துவதில்லை. தவறவிட்டால் ஐந்துதான். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். தாய்மாமன் என் மகன் குமரகுரு சரக்குக் கப்பலில் இன்ஜினீயர். எந்த நாளில் ஊரில் இருக்க வேண்டும் என்று இந்த மாதக் கடைசிக்குள் சொன்னால்தான் கப்பல் கம்பெனி அவனை இறக்கிவிடும்.

தேதி குறிக்கும் உரிமை மாப்பிள்ளை வீட்டாருடையது. கோயிலும் அவர்களுடைய சாஸ்தா கோயில். ஆகவே தூத்துக்குடியில் இருக்கும் என் சம்பந்தி ஆவுடையப்பன் தேதி பார்த்து எனக்கு எழுதுவார். நான் சரி என்று எழுதினால் காரியம் முடிந்தது.

அவரும் என்னைப்போல எழுத்தில் பேசுகிறவர். துறைமுகத்தில் பெரிய பதவியில் இருந்தவர். மின்னஞ்சலிலும் 'பொருள்', 'பார்வை' எல்லாம் போட்டுத்தான் எழுதுவார். நேரில் பார்த்தால் நாங்கள் இருவரும் மழையைப் பற்றிப் பேசுவோம். மழை இல்லாத வருடங்களில் சிரமம்.

ஏப்ரல் 7, திங்கள்

என் பெயர் யாராலும் வாங்கப்படாமல் இருந்தது. சந்தோஷப்படுவதா வருத்தப்படுவதா என்று தெரியவில்லை. வாங்கினேன்.

முகவரி இனி இது: கடிதம் அட் கோமதிநாயகம் டாட் இன்.

பிறகு நிறுவும் வேலை. இந்தப் பெயருக்கு வரும் தபாலை இன்ன இடத்தில் கொண்டுபோய்ப் போடு என்று உலகத்துக்குச் சொல்லும் வரிகளைச் சேர்க்க வேண்டும். உதவிப் பக்கத்தை அச்செடுத்து, ஒவ்வொரு வரியையும் அடிக்கோல் வைத்துப் படித்துச் சேர்த்தேன். கடைசியாக ஒரு வரி. இந்தக் கடிதங்கள் மெய்யாகவே என்னிடமிருந்துதான் வருகின்றன, நம்பலாம் என்று எனக்காக நானே சாட்சி சொல்லும் வரி. 'விருப்பமிருந்தால்' என்று போட்டிருந்தது. தனக்குத் தானே நற்சான்று கொடுத்துக்கொள்வது எனக்கு உசிதமாகப் படவில்லை. விட்டுவிட்டேன்.

ஏப்ரல் 9, புதன்

வங்கியில் முகவரி மாற்றப் போனேன். கவுண்டரில் இருந்த பெண் தட்டச்சு செய்துகொண்டே கேட்டாள்.

"அட் போட்டதுக்கு அப்புறம் சொல்லுங்க சார்."

"கோமதிநாயகம்."

"அது உங்க பேரு சார். கம்பெனி பேரு சொல்லுங்க."

"கம்பெனி இல்லம்மா. என் பேருதான்."

"அட்டுக்கு முன்னாலதான் நம்ம பேரு வரும். பின்னால கம்பெனி வரும்."

"எனக்குக் கம்பெனி கிடையாதும்மா."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு பக்கத்து இருக்கையில் இருந்தவரிடம், "சார், இவுகளுக்குக் கம்பெனி இல்லையாம். ஏத்துக்கிடுமா?" என்றாள். அவர் எழுந்து வந்து கணினியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "போட்டுப் பாரு" என்றார். ஏற்றுக்கொண்டது. எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவர் என் தோளைத் தட்டி, "பெரிய ஆளுதான் போங்க" என்றார். வீடு வரும்வரை கூச்சமாக இருந்தது. கொஞ்சம் நன்றாகவும் இருந்தது.

ஏப்ரல் 12, சனி

மூன்றாவது பாயிண்ட் நிறைவேறியது. பழைய பெட்டியில் சேர்ந்திருந்த அத்தனை பேருக்கும் பழைய முகவரியிலிருந்தே ஒரு மடல். 'பெருந்தகையீர், நாளது தேதி முதல் என் மின்னஞ்சல் முகவரி கீழ்க்கண்டவாறு மாற்றம் பெறுகிறது.' பெறுநர் பெயர்களைக் கையால் அகர வரிசைப்படுத்தினேன். பதில்கள் வந்து சேர என் புதிய முகவரியையும் அதற்குரிய இடத்தில் சேர்த்தேன். ஒரு பகல் ஆயிற்று. எல்லோருக்கும் எல்லோர் பெயரும் தெரியும்படி அனுப்பினேன். எனக்கு ஒளிவு மறைவு பிடிக்காது.

அனுப்பியபின் பழைய பெட்டியை மூடினேன். இனி திறப்பதில்லை.

ஏப்ரல் 13, ஞாயிறு

பதில்கள் புதுப் பெட்டிக்கு வரத் தொடங்கிவிட்டன. தண்ணீர் கேன்காரர், "சார் புது அட்ரசுக்கு எத்தனை கேன்? லிப்ட் இருக்கா?" என்று எல்லோருக்கும் போகும்படி கேட்டிருந்தார். என்னோடு வேலை பார்த்த தாணுமாலயன், "யோவ் கோமதி, வீடு கட்டினதச் சொல்லவே இல்லையேவே, பால் காய்ச்சினதுக்குக் கூப்பிடலியே" என்று அவரும் எல்லோருக்கும் எழுதினார். அதைப் பார்த்து ஸ்கேன் சென்டர் வாழ்த்து அனுப்பியது.

சம்பந்தியிடமிருந்து ஒன்றும் இல்லை.

ஏப்ரல் 14, திங்கள். சித்திரை பிறப்பு

பாயசம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது லோசனி பேசினாள்.

"அப்பா, மாமாவுக்கு மனசு சரியில்ல."

"ஏம்மா? உடம்புக்கு ஏதும்...?"

"உடம்புக்கில்லப்பா. உங்க மெயிலுக்கு. அத்தை சொன்னாக. கண்ணாடியப் போட்டுக்கிட்டு மேல இருந்து படிச்சிருக்காக. அகத்தியர் வாட்டர், அருள் கேஸ் ஏஜென்சி, அன்பு ஸ்கேன் சென்டர், அதுக்கடுத்து ஆவுடையப்பன் சம்பந்தி. அதுக்குக் கீழ ஆனந்தா கொசுவலை. பேசாம லேப்டாப்ப மூடி வச்சிட்டாகளாம்."

"அது அகர வரிசைம்மா."

"அப்பா!"

"நான் யாரையும் முன்னாலயும் வைக்கல, பின்னாலயும் வைக்கல."

"அதாம்ப்பா பிரச்சினையே. முன்னால வைக்கணும்."

பிரமு போனை வாங்கிக்கொண்டாள். "சம்பந்திக்கும் கொசுவலைக்கும் சேத்து ஒரே கடுதாசி போடுத மனுசன நான் இப்பத்தான்ட்டீ பாக்கேன்" என்று மகளிடம் சொன்னாள். என் காதில் விழ வேண்டும் என்றுதான் சொன்னாள்.

நான் நோக்கியது சமத்துவம். ஆனால் பாயசம் இறங்கவில்லை.

ஏப்ரல் 15, செவ்வாய்

சம்பந்திக்கு மட்டும் தனியாக, புதிய முகவரியிலிருந்து எழுதினேன். பொருள்: பன்னிரண்டாம் தேதியிட்ட மடல் குறித்து வருத்தம் தெரிவித்தல். அகர வரிசையின் நியாயத்தை முதல் பத்தியிலும், அது இந்த இடத்தில் பொருந்தாததை இரண்டாம் பத்தியிலும் விளக்கினேன். முடிவில் காதுகுத்துத் தேதியை ஆவலுடன் எதிர்பார்ப்பதாகக் குறிப்பிட்டேன்.

பிரமு தோளுக்குமேல் படித்தாள். "மன்னிச்சிருங்கன்னு எங்க இருக்கு?"

"மூன்றாம் பத்தியில்."

"அதுக்குள்ள அவுக தூங்கிருவாக."

ஏப்ரல் 17, வியாழன்

பதில் இல்லை.

ஏப்ரல் 18, வெள்ளி

பதில் இல்லை. புதுப் பெட்டி சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க எனக்கு நானே ஒரு கடிதம் எழுதினேன். உடனே வந்து சேர்ந்தது. நன்றாகவே எழுதியிருந்தேன்.

ஏப்ரல் 20, ஞாயிறு

இரண்டாவது மன்னிப்புக் கடிதம். இதில் மன்னிப்பு முதல் பத்தியிலேயே வருகிறது.

ஏப்ரல் 22, செவ்வாய்

குமரகுரு கப்பலிலிருந்து செய்தி அனுப்பியிருந்தான். "அப்பா, முப்பதாம் தேதிக்குள்ள சொல்லணும். இல்லன்னா அடுத்த துறைமுகம் பிரேசில்."

பிரமு சொன்னாள்: "போனப் போட்டுப் பேசி முடிங்களேன்."

கடிதத்தில் தொடங்கியதைக் கடிதத்தில்தான் முடிக்க வேண்டும் என்று விளக்கினேன். அவள் போனை என் கையில் வைத்துவிட்டு அடுக்களைக்குப் போனாள். சம்பந்தியின் எண்ணை எடுத்தேன். சார்ஜ் எழுபது சதவீதம்தான் இருந்தது. பேச்சு நடுவில் நின்றுபோனால் அது இன்னும் மரியாதைக் குறைவாகிவிடும். சார்ஜ் போட்டேன். நூறு ஆனபோது அவர் மதியம் தூங்கும் நேரம்.

ஏப்ரல் 24, வியாழன்

மூன்றாவது மன்னிப்புக் கடிதம். இது ஒரே வரி. அவ்வளவு சுருக்கமாக நான் இதுவரை யாருக்கும் எழுதியதில்லை. அனுப்பியபின் மேசையை விட்டு எழுந்திருக்கவே பயமாக இருந்தது.

ஏப்ரல் 25, வெள்ளி

லோசனி அழுதுவிட்டாள்.

"அப்பா, ஒரு காதுகுத்துக்குத் தேதி கேட்டேன். இப்ப அந்தப் பக்கமும் பேச்சு இல்ல, இந்தப் பக்கமும் பேச்சு இல்ல. இவருகிட்டக் கேட்டா 'எங்கப்பா பாத்துக்கிடுவாரு'ங்காரு. மாமாகிட்டக் கேட்டா 'உங்கப்பாவுக்கு எழுதியிருக்கேன், பதில் வரட்டும்'ங்காக. நான் எங்க போய் முட்டிக்கிட?"

"எழுதியிருக்காரா? எனக்கு ஒண்ணும் வரலியேம்மா."

"நீங்க சொன்னாச் சரி, அவுக சொன்னாச் சரி. பெரியவுக ரெண்டு பேருக்கும் நடுவுல நான் வந்தா என் தலதான் உருளும். அண்ணன் வராட்டா ஆதிரைய யார் மடில வைக்க? அதையாவது சொல்லுங்க."

புதுப் பெட்டியைத் திறந்து மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் பார்த்தேன். இல்லை.

"பழைய பெட்டியத் தொறந்து பாத்தா என்ன?" என்றாள் பிரமு.

நான்காவது பாயிண்டைக் காட்டினேன். அதில் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியாது. ஆறு வருட உறவை முறித்து எழுதிய கடிதமாகக்கூட இருக்கலாம். அதனால் திறக்கவில்லை என்று யாரும் நினைக்கக் கூடாது. கொள்கைதான் காரணம்.

ஏப்ரல் 26, சனி

காலையில் பிரமு ஒரு வெள்ளைத்தாளைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

"எழுதுங்க."

"என்ன?"

"உங்க புது அட்ரசு. கொட்ட எழுத்துல."

எழுதினேன். நான்கு மூலையிலும் மஞ்சள் தடவினாள். வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், மாதுளை, ஒரு சீப்பு மட்டிப்பழம் தனியாக, பூ, எல்லாம் ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தாள்.

"நாளைக்குத் தூத்துக்குடி. காலைல ஏழரைக்குள்ள நல்ல நேரம். தட்ட வச்சு, முறையாச் சொல்லுதிய."

"மின்னஞ்சல் முகவரிக்குத் தட்டு வைப்பார்களா?"

"வீடு மாறினா சொல்லுவோம். கடை தொறந்தாச் சொல்லுவோம். காருக்குக்கூடச் சொல்லுதோம். உங்க மெயிலு அதவிட ஒசத்திங்கிய, அப்பச் சொல்லணும்லா?"

அவள் தர்க்கத்தில் பிழை இருக்கிறது. இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

ஏப்ரல் 27, ஞாயிறு

வண்டி பிடித்துப் போனோம். வழியெல்லாம் சொல்ல வேண்டியதை மனதுக்குள் ஒத்திகை பார்த்தேன். உப்பளங்கள் தெரிந்தபோது எல்லாம் மறந்துவிட்டது.

கதவைத் திறந்தது சம்பந்திதான். என்னைவிட ஓரடி உயரமானவர்போல எப்போதும் தோன்றும். உண்மையில் ஒரே உயரம்தான்.

"வாங்க சம்பந்தி. வாங்க தங்கச்சி." சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை.

உட்கார்ந்தோம். அவர் மனைவி சண்முகவடிவு காபியும் மிக்சரும் கொண்டுவந்து வைத்தாள்.

"மழையே இல்ல" என்றார் சம்பந்தி.

"ஆமா, இல்ல" என்றேன்.

பிரமு என் விலாவில் முழங்கையால் இடித்தாள். எழுந்தேன். தட்டை அவள் நீட்ட, நான் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டேன். தட்டு சாய்ந்து மாதுளை உருண்டது. சண்முகவடிவு அதைப் பிடித்தாள்.

"சம்பந்தி. இந்த மாசம் பன்னிரண்டாம் தேதியில இருந்து என்னோட மின்னஞ்சல் முகவரி மாறியிருக்கு. நீங்களும் மதினியும்... அவசியம்... இந்த முகவரிக்கு எழுதணும்." 'குடும்பத்தோட வந்திருந்து' என்று வாயில் வந்ததை விழுங்கிக்கொண்டேன்.

அவர் துண்டைச் சரிசெய்துகொண்டு, இரண்டு கையாலும் தட்டை வாங்கிக் கண்ணில் ஒற்றி மனைவியிடம் கொடுத்தார். மஞ்சள் தடவிய தாளை மட்டும் எடுத்துக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார்.

"கோமதிநாயகம் டாட் இன். இதுக்குப் பின்னால ஒண்ணும் இல்லையே?"

"இல்ல."

"ரொம்ப சந்தோசம். இப்பச் சொன்னிய பாருங்க, இது முறை. இனிமே இதுக்கு எழுதுதேன்."

பிரமு விடவில்லை. "இதுவர ஏன் அண்ணாச்சி எழுதல?"

"எழுதலையா? யாரு, நானா?" அவர் குரல் உயர்ந்தது. "வைகாசில மூணு தேதி குறிச்சு எழுதினேன். பதில் இல்ல. கோயில்ல கேக்காகன்னு ஞாபகப்படுத்தி எழுதினேன். பதில் இல்ல. சரி, மனுசனுக்கு ஒடம்புக்கு என்னமோன்னு பயந்து போய் எழுதினேன். அதுக்குமா பதில் இல்ல?"

"எந்த முகவரிக்கு?" என்றேன்.

"பழசுக்குத்தான்."

"மாத்திட்டேன்னு எழுதியிருந்தேனே."

"எழுதியிருந்திய. ஊருக்கெல்லாம் எழுதியிருந்திய. எனக்குச் சொல்லலியே? சொல்லாத வாசலுக்கு நான் எப்படி வாரது? பழைய வாசல் எனக்குத் தெரிஞ்ச வாசல். அதுல நின்னுதான் கூப்பிட்டேன்."

"நான் அதைத் திறப்பதில்லை சம்பந்தி. அது ஒரு... பாயிண்ட்."

"நான் கூப்பிட்டது கேக்கல. சரி. நீங்களாவது ஒரு வார்த்தை எழுதியிருக்கலாம்லா?"

"மூன்று மன்னிப்புக் கடிதம் எழுதினேன்."

"எனக்கா?"

மடிக்கணினி வந்தது. அவர் தேடினார். இல்லை. சண்முகவடிவு, "அந்தக் குப்பையப் பாருங்க" என்றாள். குப்பை என்று இருந்த இடத்தைத் திறந்தார். கோடி ரூபாய் பரிசு விழுந்ததாகச் சொன்ன ஒரு வெளிநாட்டுச் சீமாட்டிக்கும், வழுக்கைக்கு எண்ணெய் விற்கிறவருக்கும் நடுவில், 'வருத்தம் தெரிவித்தல்' என்று நான் இருந்தேன். கீழே இன்னொரு முறை. இன்னும் கீழே இன்னொரு முறை.

கொசுவலை எவ்வளவோ தேவலை.

சம்பந்தி மூன்றையும் திறந்து சத்தமில்லாமல் படித்தார். முதல் கடிதம் முடிய நேரமாயிற்று. மூன்றாவதை இரண்டு தடவை படித்தார்போலத் தெரிந்தது. அதில் நான் எழுதியிருந்தது இதுதான்: 'தவறு என்னுடையது, குழந்தையின் காரியம் நிற்க வேண்டாம்.'

கண்ணாடியைக் கழற்றித் துண்டால் துடைத்தார்.

"ஏன் சம்பந்தி, ஒரு போன் பண்ணியிருக்கலாம்லா?" என்றார்.

"பண்ண எடுத்தேன். சார்ஜ் கம்மியா இருந்தது. நீங்க?"

"நானும் எடுத்தேன். டவர் சரியில்ல."

"இந்த வீட்டுலயா டவர் சரியில்ல?" என்றாள் சண்முகவடிவு. "மொட்டமாடிக்கு எதுக்கால டவர் நிக்குது!" பிரமுவிடம் திரும்பினாள். "மதினி, ரெண்டும் பூட்டுன வீட்டு வாசல்ல நின்னு மாறி மாறிக் கூப்பிட்டிருக்குதுக. இதுக ரெண்டும் ஆபீஸ்ல என்னத்த வேல பாத்துச்சுகளோ."

நாங்கள் இருவரும் மிக்சரைப் பார்த்தோம்.

அதன்பின் எல்லாம் பிரமுவின் கைக்குப் போனது. கோயில் பூசாரிக்கு அவளே போன் போட்டாள். மூன்று தேதியில் இரண்டை வேறு குடும்பங்கள் எடுத்துக்கொண்டுவிட்டன. வைகாசி இருபத்திரண்டு, வியாழக்கிழமை மட்டும் இருந்தது. அதையும் இன்று சாயங்காலம் ஒருவர் கேட்டு வருவதாக இருந்ததாம். "அவுகள வேற நாள் பாக்கச் சொல்லுங்க. இது எங்களுக்கு" என்றாள். சம்பந்தி தலையை ஆட்டினார். உரிமை அவருடையதுதான்; குரல்தான் அவளுடையது. குமரகுருவுக்கு நானே செய்தி அனுப்பினேன். சாப்பிட்டு முடிப்பதற்குள் பதில் வந்துவிட்டது: "இறங்குகிறேன். ஆதிரைகிட்ட மாமா வாரேன்னு சொல்லுங்க."

லோசனியிடம் சம்பந்தியே பேசினார். "தேதி குறிச்சாச்சும்மா. எங்களுக்குள்ள என்ன? ஒண்ணுமில்லயே. கம்ப்யூட்டர்லதான் ஏதோ கோளாறு" என்றார். அந்தப் பக்கம் அவள் சிரித்தது எனக்கே கேட்டது.

கிளம்பும்போது வாசல்வரை வந்த சம்பந்தி என்னைத் தனியாக ஒதுக்கினார்.

"சம்பந்தி, ஒண்ணு கேக்கணும். என் பெட்டியும் நெறஞ்சு போச்சுன்னு தெனமும் மெரட்டுதான். உங்க பேருக்குக் கீழ எனக்கும் ஒரு இடம் உண்டா?"

"தாராளமா. ஆவுடையப்பன் அட் கோமதிநாயகம் டாட் இன்."

அவர் யோசித்தார். முகம் மாறியது. "அப்படின்னா நான் வீட்டோட சம்பந்தின்னுல்லா ஆயிரும்?"

"இருந்துட்டுப் போங்களேன்" என்று உள்ளேயிருந்து சண்முகவடிவின் குரல் வந்தது. "அங்கனயாவது நேரத்துக்குத் தூங்குவிய."

ஏப்ரல் 28, திங்கள்

பழைய பெட்டியைத் திறந்தேன். அவர் கடிதங்கள் வரிசையாக இருந்தன. முதலில் 'பொருள்: காதணி விழா, தேதி தெரிவித்தல்.' அடுத்து 'பார்வை: என் முந்தைய கடிதம்.' கடைசிக் கடிதத்தில் பொருளும் இல்லை, பார்வையும் இல்லை. 'சம்பந்தி, நலம்தானே?' என்று மட்டும் இருந்தது.

அதை மூடவில்லை. பிறகு உதவிப் பக்கத்தின் அச்சை எடுத்து, எனக்காக நானே சாட்சி சொல்லும் அந்தக் கடைசி வரியைச் சேர்த்தேன். கைகூசித்தான் சேர்த்தேன். அது இல்லாத கடிதம் குப்பைக்குத்தான் போகுமாம்.

மே 4, ஞாயிறு

சம்பந்திக்கு முகவரி திறந்து கொடுத்தேன். அவர் தன் நண்பர்கள் எல்லோருக்கும் அறிவிப்பு அனுப்பிவிட்டார். முதல் ஆளாக என் பெயரும் அதற்கடுத்து அவருடைய அண்ணன் பெயரும் இருந்தன. அண்ணனுக்கு வருத்தமாம். நாளைக்குத் தட்டோடு போகிறார்.

மே 7, புதன்

காலையில் இட்லிக்கு உட்கார்ந்தபோது போன் வந்தது. முதல் மணியிலேயே எடுத்துவிட்டேன்.

"சம்பந்தி, நம்ம கம்பெனியில இன்னைக்கு மெயில் ஒண்ணும் வரலியே? லைன் கோளாறா?"

"யாரும் எழுதியிருக்க மாட்டாங்க சம்பந்தி."

"அப்ப நீங்க ஒண்ணு எழுதுங்க. வருதான்னு பாப்போம்."

எழுதினேன். வந்துவிட்டது என்று மறுபடியும் கூப்பிட்டார். அப்படியே கொஞ்ச நேரம் பேசினோம். மழை பெய்யவில்லை, அதைப் பற்றிப் பேசவும் இல்லை. பகலில் அவருடைய அண்ணன் பேசினார். அவருக்கும் ஓர் இடம் வேண்டுமாம். மாலையில் தண்ணீர் கேன்காரர் கேனை இறக்கி வைத்துவிட்டு, "சார், நம்ம கடைக்கும் உங்ககிட்ட ஒண்ணு கெடைக்குமா? சம்பந்தி ஐயா சொன்னாக" என்று தலையைச் சொறிந்தார். பிரமு தனக்கும் ஒன்று வேண்டும் என்று சொல்லிவிட்டாள். எழுதுவதற்கு இல்லையாம், இருப்பதற்கு.

நோட்டின் முதல் பக்கத்தைத் திருப்பி, 'புதிய முகவரி என் ஒருவனுக்கானது' என்பதுவரை படித்தேன். மூன்றாவது பாயிண்ட் தவறு என்பது வீட்டாரின் ஒருமித்த கருத்து. அதை நான் ஏற்கவில்லை. அகர வரிசை அகர வரிசைதான். நான்காவது பற்றி இன்னும் யோசிக்க வேண்டும்.

ஐந்தாவது தவறு.